ட்ரைமெட்டாசிடின் எம்.ஆர். 35: வருடக்கணக்கில் சாப்பிட்டால் என்ன தெரியும்?

இதய ரத்தக்குழாய் அடைப்பால் வரும் நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் ட்ரைமெட்டாசிடின் நாடித்துடிப்பைக் குறைக்காது, பிரஷரை இறக்காது, ரத்தத்தையும் இளக்காது. எந்தக் கருவியிலும் இதன் வேலை தெரியாததால், எதற்கென்றே புரியாமல் அட்டை தீர்ந்ததும் வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. காரணமே இல்லாமல் பத்து வருடம் தொடர்கிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு.

இதயத் தசை தன் எரிபொருளில் பெரும்பங்கைக் கொழுப்பு அமிலத்திலிருந்து எடுக்கிறது. அதை எரிக்க ஆக்சிஜன் அதிகம் செலவாகும். அடைப்புள்ள ரத்தக்குழாய்க்குப் பின்னால் அதற்குத்தான் தட்டுப்பாடு. கொழுப்பு எரியும் பாதையின் கடைசிப் படியிலுள்ள தயோலேஸ் நொதியை இந்த மருந்து மட்டுப்படுத்துகிறது. தசை குளுக்கோஸ் பக்கம் சாய்ந்து, அதே ஆக்சிஜனில் கொஞ்சம் கூடுதலாக உழைக்கிறது. அடைப்பு அப்படியேதான் இருக்கும்.

பலனை அளக்க எளிய வழி ஒரு நோட்டு. எத்தனை படி ஏறினால் நெஞ்சு பிடிக்கிறது, வாரத்துக்கு எத்தனை முறை நாக்கடி மாத்திரை (வலி வந்ததும் நாக்குக்கு அடியில் வைப்பது) தேவைப்பட்டது என்று தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் அந்தக் கணக்கு மாறவில்லை என்றால், நிறுத்துவதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். எக்கோவில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 38-லிருந்து 42 ஆனதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பார்ப்பவர் மாறினாலே அவ்வளவு வித்தியாசம் வரும். மாரடைப்பைத் தடுக்கும் என்றும் நம்ப வேண்டாம். ஸ்டென்ட் வைத்த சுமார் 6,000 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஏடிபிசிஐ ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இதைச் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் போன்றவற்றுக்குப் பிறகும் வலி மிஞ்சினால் கூடச் சேர்க்கும் மருந்து, அவ்வளவுதான். வலி வந்த நேரத்தில் போட்டுப் பயனில்லை. அதற்கு நாக்கடி மாத்திரைதான்.

வழக்கமான அளவு 35 மி.கி., காலையும் இரவும் சாப்பாட்டோடு. எம்.ஆர். என்றால் மெதுவாகக் கரையும் மாத்திரை என்பதால் உடைக்கவோ மெல்லவோ கூடாது. வயிற்று எரிச்சல், குமட்டல், தலைசுற்றல் ஆகியவை அடிக்கடி கேட்கும் புகார்கள்.

உண்மையான சிக்கல் சிறுநீரகத்தில் இருக்கிறது. மருந்து பெரும்பாலும் அந்த வழியாகவே வெளியேறுகிறது. 76 வயது, 55 கிலோ, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.2 உள்ள ஆணை எடுத்துக்கொள்வோம். லேப் ரிப்போர்ட்டில் அது நார்மலாகவே தெரியும். 140-இல் வயதைக் கழித்தால் 64. எடையால் பெருக்கினால் 3,520. அதை 72 பெருக்கல் 1.2, அதாவது 86.4-ஆல் வகுத்தால் கிளியரன்ஸ் (சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற கணக்கு) சுமார் 41. பெண்ணாக இருந்தால் 0.85-ஆல் பெருக்க வேண்டும், 35 வரும். 30-க்கும் 60-க்கும் இடையில் காலை ஒரு மாத்திரை மட்டுமே. 30-க்குக் கீழே கொடுக்கவே கூடாது. மெலிந்த முதியவர்களுக்கு இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டு வேளை எழுதிவிடுவது சர்வசாதாரணம்.

அப்படி மருந்து உடலில் தேங்கும்போது வருவதுதான் கைநடுக்கம், உடல் விறைப்பு, தள்ளாட்டம். குடும்பத்தார் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். தள்ளாட்டத்துக்கு ப்ரோகுளோர்பெராசின் அல்லது சின்னரிசின் சேர்த்தால் நடுக்கம் இன்னும் கூடும், ஏனென்றால் அவையும் அதே கோளாறைத் தருபவை. பிறகு பார்கின்சன் மாத்திரையும் சேரும். ஒரு மருந்தின் வினைக்கு இன்னும் இரண்டு மருந்து! நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு நாலு மாதத்துக்குள் சரியாகிவிடும், ஆகாவிட்டால் நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும். பார்கின்சன், நடுக்கம், இரவில் கால் துருதுருக்கும் தொல்லை ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இது ஆகாது. ஐரோப்பிய மருந்து முகமை 2012-இல் இதையெல்லாம் எச்சரித்து, தலைசுற்றலுக்கும் காது இரைச்சலுக்கும் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னது.

போட்டிகளில் ஓடுபவர்கள் கவனிக்க: இது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் உள்ளது.

மாற்றாக, நெஞ்சுவலிக்கான இன்னொரு மருந்தான ரானோலசினை எழுதினால் பார்க்க வேண்டியவை வேறு. ஈசிஜியில் க்யூ.டி. இடைவெளி (ஒரு துடிப்புக்குப் பின் இதயம் மீண்டும் தயாராகும் நேரம்) நீளும், மலச்சிக்கல் வரும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும், கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தும் கூடவே கூடாது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் நாளுக்கு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. ரானோலசின் 1,000 மி.கி. இரண்டு வேளை என்றால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் நாளுக்கு 1,700 மி.கி.யோடு நிற்க வேண்டும். சர்க்கரை டாக்டரும் இதய டாக்டரும் தனித்தனிச் சீட்டு எழுதும் வீடுகளில் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது மருந்துக்கடைக்காரர் மட்டும்தான்.