சதுரங்க எஞ்சினின் பலத்தை அளக்க எந்த முறை? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

சேலத்தில் சொந்தமாகச் சதுரங்க எஞ்சின் (சதுரங்கம் ஆடும் கணினி நிரல்) எழுதிப் பார்க்கும் மாணவர்களும், பிள்ளைகளின் பயிற்சிக்காக வணிக எஞ்சின் வாங்க நினைக்கும் பெற்றோர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: இதன் ஆட்ட பலம் எவ்வளவு? அதை அளக்க மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றை மட்டும் நம்புவது போதாது என்பது என் உறுதியான கருத்து.

விடை தெரிந்த நிலைகளை, அதாவது பலகையில் காய்கள் நிற்கும் அமைப்புகளை, கொடுத்துத் தீர்க்கச் சொல்வது மிகப் பழைய முறை. 300 நிலைகள் கொண்ட புகழ்பெற்ற தொகுப்பின் முதல் நிலையில், வெள்ளை ராணி ஜி6 கட்டத்துக்கு வந்து தன்னையே பலிக்கு நிறுத்துகிறது. எஃப்7 சிப்பாய் அதை வெட்டினால், இ5-இல் உள்ள குதிரை ஜி6-க்குப் பாய்ந்து, எச்8-இல் அடைபட்டுக் கிடக்கும் ராஜாவுக்கு மேட் வைத்துவிடும். அழகான நிலைதான். ஆனால் இன்று ஓரளவு ஒழுங்காக எழுதப்பட்ட எந்த எஞ்சினும் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கண்டுபிடித்துவிடுவதால், இரண்டு எஞ்சின்களைத் தரம் பிரிக்க அது உதவுவதில்லை. நேற்றுத் தீர்த்ததை இன்று தீர்க்கவில்லையென்றால் நிரலில் எதுவோ உடைந்திருக்கிறது என்று அறியலாம். அதற்கு மேல் இம்முறையிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பலம் தெரிந்த பல எஞ்சின்களோடு மோதவிடும் கான்ட்லெட் முறை இதைவிட நம்பகமானது. எஞ்சின்களை ஆடவைத்துத் தன்னார்வலர்கள் தொகுக்கும் சிசிஆர்எல் தரவரிசைப் பட்டியலிலிருந்து எதிராளிகளைத் தேர்ந்து, ஒவ்வொரு தொடக்க நிலையையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவிட வேண்டும். ஆட்ட பலத்தை எண்ணாகக் காட்டும் எலோ அளவில் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் வலியதற்கு 76 சதவீத மதிப்பெண்ணும், 400 புள்ளி இருந்தால் சுமார் 91 சதவீதமும் கிடைக்கும் என்பதே கணக்கு. எனவே புது எஞ்சினை, மிக வலிய எஞ்சினான ஸ்டாக்ஃபிஷ் முன் நிறுத்தி எல்லா ஆட்டங்களிலும் தோற்கவிடுவதால் தெரியவருவது எதுவுமில்லை. ஆட்ட எண்ணிக்கையும் முக்கியம்: பாதி ஆட்டங்கள் டிராவாகும் சமபல மோதலில், 100 ஆட்டங்களின் பிழை வரம்பு இருபுறமும் ஏறத்தாழ 50 புள்ளி, 1,000 ஆட்டங்களில் 15, 10,000 ஆட்டங்களில் 5. நூறு ஆட்டம் ஆடிவிட்டு "பத்து புள்ளி ஏறிவிட்டது" என்று மகிழ்வதற்கு அடிப்படையே இல்லை.

மூன்றாவது, எஞ்சினின் புதிய பதிப்பைப் பழைய பதிப்போடு மோதவிட்டு, ஆட்டம் நடக்க நடக்கவே முடிவெடுக்கும் எஸ்பிஆர்டி என்ற புள்ளியியல் முறை. ஸ்டாக்ஃபிஷ் குழு 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனைத் தளம் வழியாகத் தன்னார்வலர்களின் கணினிகளில் சோதனை நடத்தி வருவது இவ்வழியில்தான். ஆட்ட எண்ணிக்கையை முன்கூட்டி முடிவு செய்வதில்லை. மாற்றம் பலன் தந்ததா என்பதற்கான சான்றைத் திரட்டித் திரையில் ஓடும் எல்எல்ஆர் எண் 2.94-ஐத் தொட்டால் மாற்றத்தை ஏற்கலாம், மைனஸ் 2.94-க்கு இறங்கினால் தள்ளலாம். பயனற்ற மாற்றத்தை ஏற்பது, நல்லதைத் தள்ளுவது என்ற இருவகைப் பிழைக்கும் 5 சதவீதம் அனுமதித்தால் வரும் எல்லைகள் இவை. மோசமான மாற்றம் சீக்கிரமே வெளியேறிவிடுவதால் ஒற்றைக் கணினி வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தன்னோடு தானே மோதும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியும். வீட்டில் கண்ட 30 புள்ளி வெளியே கணிசமாகச் சுருங்கலாம். ஆகவே வெளியிடும் முன் கான்ட்லெட் அவசியம்.

வாங்குபவருக்கு இந்தச் சிரமம் எதுவும் வேண்டியதில்லை, சிசிஆர்எல் பட்டியலே போதும். இலவசமான ஸ்டாக்ஃபிஷ் அதன் உச்சியில் இருக்கிறது. 2021-இல் விற்பனைக்கு வந்த ஃபேட் ஃபிரிட்ஸ் 2 ஸ்டாக்ஃபிஷை அடிப்படையாகக் கொண்டது என்பதால் வழக்கே நடந்து 2022-இல் சமரசமானது. காசு கொடுத்தால் தரவுத்தளமும் பயிற்சி வசதிகளும் கிடைக்கும், அவை பயனுள்ளவைதான்.

எழுதுபவர்கள் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் சேலத்து மாடி அறையில் சூடேறும் மடிக்கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதே கணினி 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் நொடிக்கு அதிக நிலைகளை அலசும். கடிகாரம் வைத்து ஆடும் சோதனையின் பகல் முடிவும் இரவு முடிவும் இதனால் ஒரே அளவுகோலில் வருவதில்லை. நகர்வுக்கு இத்தனை நிலைகள் என்று வரம்பிட்டால் சூடு பாதிக்காது, ஆனால் நிரல் வேகமானதால் வந்த பலன் அதில் தெரியாது. ஒரு நிலை யாருக்குச் சாதகம் என்று எஞ்சின் மதிப்பிடும் பகுதியில் செய்யும் மாற்றங்களை நிலை வரம்போடு பகலிலும், வேகம் சார்ந்த மாற்றங்களைக் கடிகாரத்தோடு இரவிலும் சோதிப்பதே சேலத்துக்கு ஏற்றது.