பிள்ளைக்கு முதல் ரைஃபிள்: ஸ்பிரிங்கா, பிசிபியா, பழைய ஜெர்மன் ரைஃபிளா?

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை 10 மீட்டர் ஏர் ரைஃபிள், அதாவது பத்து மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கைக் காற்றுத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டு, பழக ஆசைப்பட்டால், தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பெற்றோர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றை வாங்கத்தான் யோசிப்பார்கள்: சுருள்வில் விசையில் சுடும், விலை மலிவான ஸ்பிரிங் ரைஃபிள், சிலிண்டரில் அழுத்தக் காற்று அடைத்து நம் நாட்டிலேயே செய்யும் பிசிபி ரைஃபிள், இல்லையென்றால் யாரோ சுட்டுப் பழகி விற்கும் ஜெர்மன் ரைஃபிள்.

ஸ்பிரிங் ரைஃபிளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விலைதான் அதன் ஒரே பலம். குழலை ஒடித்து மடக்கும் ரகத்தைப் பத்து வயதுப் பிள்ளையால் தனியாக மடக்க முடியாது. ஒவ்வொரு குண்டுக்கும் அப்பாவோ சித்தப்பாவோ பக்கத்தில் நிற்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், சுடும்போது வரும் உதறல். உள்ளே பிஸ்டன் பாய்வதால் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி அசைந்துவிடுகிறது. டிரிக்கரும் கனம். அந்த அதிர்ச்சிக்குப் பயந்து சுடும் நொடியில் கண்ணை மூடும் பழக்கம் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டால், பிறகு அதை எடுப்பது படாத பாடு. போட்டி இலக்கில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் அகலம் வெறும் அரை மில்லிமீட்டர்.

பிசிபியில் இந்த உதறல் அநேகமாக இல்லை. பிள்ளை செய்த தவறு அப்படியே தாளில் தெரியும், திருத்திக்கொள்ளலாம். ஆனால் காற்று அடைக்க வேண்டுமே! ஸ்கூபா சிலிண்டர் நிரப்ப நம் பக்கத்தில் வசதி குறைவு, கைப்பம்புதான் கதி. காற்றழுத்தத்தை 200 பார் வரை ஏற்றும்போது கடைசிச் சில அடிகளுக்குப் பெரியவர்களுக்கே வியர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காற்றில் இருக்கும் ஈரம் பம்பு வழியாகச் சிலிண்டருக்குள்ளும் போகும். அதனால் ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் உள்ள பம்பாகப் பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் குழலை எண்ணெய்த் துணியால் துடைக்காமல் பெட்டியில் வைக்க வேண்டாம், துரு ஏறிவிடும்.

வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் என்று பழைய ஜெர்மன் ரைஃபிள் கைக்கு வந்தால் ஆசை வரத்தான் செய்யும். துல்லியத்தில் குறையே சொல்ல முடியாது. முதலில் அதன் காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். தயாரித்த நாளிலிருந்து இத்தனை ஆண்டுதான் அதன் ஆயுள் என்று கம்பெனிகள் கணக்கு வைத்திருக்கின்றன, பழைய சிலிண்டருக்குப் பெரும்பாலும் பத்து ஆண்டு. காலாவதியானதை நிரப்பிச் சுடக் கூடாது, புதுச் சிலிண்டர் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். இன்னொன்று எடை. பெரியவர்கள் ரைஃபிள் நாலு கிலோவைத் தாண்டும். ஒல்லியான பிள்ளை அதைத் தாங்க முதுகை வளைத்தே நிற்கும். ஜூனியர் மாடல் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

எதை வாங்கினாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். முழங்கையை மடக்கச் சொல்லி, ரைஃபிள் கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் டிரிக்கரை எட்ட வேண்டும். கன்னம் படும் இடமும் தோளில் படும் தட்டும் நகர்த்தக்கூடியவையாக இருந்தால் பிள்ளை வளர வளர மாற்றிக்கொள்ளலாம். வலக்கைக்காரப் பிள்ளைக்கு இடக்கண் வலுவாக இருப்பதும் உண்டு, அதையும் முன்கூட்டியே பயிற்சியாளரிடம் சோதித்துவிடுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேலோ, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ போனால் லைசென்ஸ் வேண்டும். போட்டி ரைஃபிள் அதற்கு வெகு கீழே. அதற்காக வயலில் கொக்கு, மடையான் மீது குறிவைக்க யாருக்கும் அனுமதி கிடையாது. சுடும் இடம் ரேஞ்ச், அதாவது துப்பாக்கிப் பயிற்சிக் களம், மட்டும்தான். வீட்டில் பூட்டிய பெட்டி, சாவி பெரியவர்களிடம். பெல்லட் ஈயம் என்பதால் தின்பண்டத்தைத் தொடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

என் தேர்வு இந்திய பிசிபிதான், அதுவும் உடனே வேண்டாம். 2022 ஜூலையில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்ட மாநிலப் போட்டி நடந்தது திருச்சி ரைஃபிள் கிளப்பில்தான். ரேஞ்ச் ஒன்றும் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. அங்கேயோ வேறு கிளப்பிலோ சில மாதம் கிளப் ரைஃபிளிலேயே பழகட்டும். அப்புறம் பயிற்சியாளரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.