பெஞ்சிலிருந்து யாரை இறக்குவது: ஷூட்டரா, டிஃபெண்டரா?

சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா (FIBA) விதிப்படி கூடைப்பந்து ஆட்டம் 40 நிமிடம். பாலிடெக்னிக் அணியில் பெஞ்ச் ஆட்டக்காரருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஐந்தாறு நிமிடம்தான். அதற்குள், தூரத்திலிருந்து பந்து போடும் ஷூட்டர் சூடுபிடிக்க வேண்டும். அடுக்குமாடி புளோக்கருகே உள்ள கோர்ட்டில் நின்ற இடத்திலேயே நூறு பந்து போட்டுப் பழகியவர், உட்கார்ந்து இறுகிய காலோடு 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிந்தால் பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடிக்கும். கையில் குறையில்லை, முழங்கால் மடங்கவில்லை. பயிற்சியிலேயே பத்து நிமிடம் உட்காரவைத்து, எழுந்ததும் ஐந்தே பந்து கொடுத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

எதிரணியைத் தடுக்கும் டிஃபெண்டருக்குக் கால் ஓடினால் போதும். அவருடைய ஆபத்து ஃபவுல்: ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது டிஃபென்ஸ் ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காத எறிதல். கையை நீட்டிப் பந்தைத் தட்டப் பார்ப்பவர் அந்நேரம் வேண்டாம். காலை நகர்த்தி மார்பால் வழிமறிப்பவர் என்றால் என் ஓட்டு அவருக்கே. எதிரணி ஸோன் போட்டு, அதாவது ஆளுக்கு ஆள் இல்லாமல் இடம் பிரித்துக் காத்து, வளையத்தருகே அடைத்தால் மட்டும் ஷூட்டர்.