யாருக்கு யார் பரிசு: நான்கு வழிகளும் ஒரு பாக்கிக் கணக்கும்

கிறிஸ்துமஸ் எனக்குப் பிடிக்கும். நள்ளிரவு ஆராதனையும் பாட்டும் பிடிக்கும். பரிசு பிரிக்கும் நேரம்தான் பிடிக்காது. சொன்னால் கஞ்சத்தனம் என்பார்கள். காசு போவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மேலே சுற்றிய தாளைப் பெரியம்மா பிரிக்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் முடியவில்லை.

எங்கள் கூட்டத்தில் பெரியவர்கள் ஒன்பது பேர்: நான், என் கணவர், அக்கா, அத்தான், தம்பி, தம்பி மனைவி, அம்மா, பெரியம்மா, சித்தப்பா. எந்தப் பரிசைக் கொடுத்தாலும் பெரியம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கொடுத்தவர் காதில் விழும்படியே பக்கத்தில் இருப்பவரிடம் “இது எவ்வளவு இருக்கும்?” என்று கேட்பார். சித்தப்பா நவம்பர் முழுக்க “எனக்கு எதுக்கும்மா” என்பார். அதை நம்பி ஒன்றும் கொடுக்காமல் விட்டால் ஈஸ்டர் வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார். அத்தான் ஒரு வருடம் எனக்கு ஒரு மேசை விளக்கு கொடுத்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு நான் அக்காவுக்குக் கொடுத்த அதே விளக்கு. என் கையெழுத்தில் அக்கா பெயர் எழுதிய சின்ன அட்டைகூட அடியில் ஒட்டியபடியே இருந்தது.

அப்பா இருந்தவரை இதெல்லாம் அவரிடம் போய் அடங்கிவிடும். யாருக்கு மனக்குறை என்று பார்த்து, இரண்டு நாள் கழித்து அவரே ஏதாவது வாங்கிக்கொண்டு போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வருவார். அவர் ஒரு டிசம்பரில்தான் போனார். அதற்கு அடுத்த வருடம்தான், வீட்டில் இவ்வளவு பூசல் இருந்தது என்பதே எங்களுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தோம். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை: பெயர் எழுதிச் சீட்டு எடுத்து, வந்த பெயருக்கு மட்டும் பரிசு வாங்கும் முறைதான் என் கட்சி.

முதலில் பழைய முறை, அதாவது எல்லோருக்கும் எல்லோரும் வாங்குவது. ஒன்பது பேர், ஆளுக்கு எட்டுப் பரிசு, மொத்தம் 72 பார்சல். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களிடம், உங்களுக்கு வந்த பரிசு என்ன விலை இருக்கும், உங்கள் மனதில் அதற்கு என்ன மதிப்பு என்று கேட்டார். விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வீணாகப் போகிறது என்பது அவர் கணக்கு. அதிலும் அதிகமாக வீணாவது தூரத்துச் சொந்தம் வாங்கித் தரும் பொருள். நண்பர்களும் காதலர்களும் தருவதில் நஷ்டம் குறைவு. இதைச் சொல்ல ஆராய்ச்சி எதற்கு, எங்கள் சித்தப்பாவின் அலமாரியைத் திறந்தாலே போதும் என்றார் என் கணவர். கொடுத்தவர் மேல் இருக்கும் பாசத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் வால்ட்ஃபோகல் அந்தக் கேள்வியைக் கேட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சிக்கலான சொந்தங்களிடையே அதைச் சேர்த்தால் தொகை கூடுமா குறையுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அப்படியானால் பொருளே வேண்டாம், கவரில் பணம் வைத்துக் கொடுத்துவிடலாமே? ஒரு வருடம் செய்தோம். நான் சித்தப்பாவிடம் ஒரு கவர் கொடுத்தேன். அவர் எனக்கு ஒரு கவர் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் இரண்டிலும் ஒரே தொகை. ஆளுக்கொரு கவரை இடம் மாற்றியதுதான் மிச்சம். தொகை ஒன்றாக இருந்ததால் தப்பித்தோம். அக்காவும் தம்பியும் அப்படித் தப்பவில்லை. தம்பி வைத்ததைவிட அக்கா வைத்தது குறைவு, அது இருவருக்கும் அன்று மாலையே தெரிந்துவிட்டது. விளக்கு கொடுத்தால் அதன் விலையைப் பெரியம்மாதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கவரில் விலை அச்சடித்தே வருகிறது. பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கொடுப்பதென்றால் கவர் நல்ல வழி, அங்கே யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. சம வயதுக்காரர்களுக்குள் வேண்டவே வேண்டாம். கிஃப்ட் கார்டு பற்றி எனக்கு அதிகம் தெரியாது. இதுவரை இரண்டுதான் வந்திருக்கின்றன. அதில் ஒன்றைத் தேதி முடிந்த பிறகுதான் மேசை இழுப்பறையில் பார்த்தேன்.

மூன்றாவது வழி, பெரியவர்களுக்குள் பரிசே கிடையாது என்று முடிவு செய்வது. அறிவுக்கு இதுதான் சரி என்று படுகிறது. இது ஒன்றும் புது யோசனையும் இல்லை. 1912-லேயே நியூயார்க்கில் ஆன் மார்கன், எலினோர் பெல்மான்ட் என்ற இரண்டு பெண்கள் பயனற்ற பரிசளிப்பைத் தடுக்க என்றே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வேலைக்குப் போன பெண்கள் தங்கள் சின்னச் சம்பளத்திலிருந்து மேலாளர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கப் பணம் போட வேண்டியிருந்தது. அதை எதிர்த்துக் கிளம்பியதுதான் அந்தச் சங்கம். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்கூட அதில் உறுப்பினரானார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் ஒருத்திக்குத் தனியாக வராது, கூட்டமாகச் சேர்ந்தால் வரும். அதைப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

எங்கள் வீட்டில் கூட்டமாகச் சேர்ந்தும் வரவில்லை. ஒன்பது பேரும் வாட்ஸாப்பில் சரி என்றார்கள், பெரியம்மா உட்பட. அன்றைக்குப் போய் உட்கார்ந்தால் அம்மா பையிலிருந்து எட்டுப் பொட்டலம் எடுக்கிறார். “சும்மா, சின்னதுதான்.” அவ்வளவுதான், மற்ற எட்டுப் பேரும் வெறுங்கையோடு வந்த குற்றவாளிகள். சித்தப்பா அப்போதே எழுந்து வெளியே போய் எதையோ வாங்கிக்கொண்டு வந்தார். பரிசு இல்லை என்ற ஏற்பாட்டில், ஒரே ஒருவர் மீறினாலும் எல்லோருமே கடன்காரர்கள். மற்றவர் பெயரில் ஏதாவது காப்பகத்துக்கு நன்கொடை கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் செய்து பார்த்ததில்லை. பெரியம்மா அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது, ஆனால் அது ஊகம்தான்.

இந்த மூன்றிலும் எங்களை மாட்டிவிட்டது ஒரே விஷயம்தான் என்று பிறகுதான் புரிந்தது. அதைப் பாக்கி என்று வைத்துக்கொள்ளலாம். பிடிக்காத பரிசு ஒரு நாள் வருத்தம், அலமாரிக்குள் போனதும் மறந்துவிடும். மறக்காதது இவள் எனக்கு இவ்வளவு செய்தாள், நான் அவளுக்கு அவ்வளவு செய்தேன் என்ற கணக்கு. இருவருக்கு நடுவில் நேராகக் கொடுக்கல் வாங்கல் நடக்கும்வரை, இரண்டு பக்கமும் ஒரே தராசில்தான் ஏறும். ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தாலும் பாக்கி அடுத்த டிசம்பருக்குப் போகும். அடுத்த வருடம் அதைச் சரிக்கட்டக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால், பாக்கி எதிர்ப்பக்கம் ஏறும். அப்பா இரண்டு நாள் கழித்துப் போய்த் தீர்த்துவிட்டு வந்தது இந்தப் பாக்கியைத்தான்.

பரிசுக்கெல்லாம் மூலம் என்று சொல்லப்படும், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த அந்த ஞானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் கொடுத்துவிட்டு, வேறு வழியாகத் தங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். மரியாளும் யோசேப்பும் அவர்களுக்கு என்ன திருப்பி அனுப்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் மறுபடி சந்திக்கவே இல்லை, அதனால் கணக்கும் இல்லை. நமக்கு அந்த வசதி கிடையாது, அடுத்த ஞாயிறே பெரியம்மாவைப் பார்த்தாக வேண்டும்.

சீட்டு முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. நான் அத்தானுக்குக் கொடுக்கிறேன், எனக்கு அம்மா கொடுக்கிறார். அத்தான் எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பதால், நான் கொடுத்ததை ஒப்பிட அங்கே எதுவுமே கிடையாது. இரண்டாம் வருடம் பெரியம்மா ஆரம்பித்தார்: “போன தடவை நான் தம்பிக்கு எவ்வளவு நல்லதா வாங்கிக் கொடுத்தேன், எனக்குப் பாரு...” அதோடு நின்றுவிட்டார். அவருக்குக் கொடுத்தது தம்பி இல்லை, தம்பி மனைவியும் இல்லை, என் கணவர். தம்பி மேல் எழுத வேண்டிய பாக்கியை என் கணவர் தலையில் எழுத முடியவில்லை. அந்த வாக்கியத்தை அவர் இதுவரை முடிக்கவில்லை.

ஆனால் சீட்டை எப்படி எடுக்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. முதல் வருடம் ஒரு கிண்ணத்தில் ஒன்பது பெயரைப் போட்டு ஆளுக்கொன்று எடுத்தோம். அம்மாவுக்கு அம்மா பெயரே வந்தது. மறுபடி குலுக்கினோம், இந்த முறை சித்தப்பாவுக்குச் சித்தப்பா பெயர். ராசியில்லை என்று பெரியம்மா சொன்னார். ராசியில் ஒன்றும் கோளாறில்லை, கணக்கே அப்படித்தான். யாருக்கும் தன் பெயர் வராமல் ஒரு குலுக்கல் அமைய வாய்ப்பு 37 சதவீதம்தான். ஐந்து பேர் என்றாலும் ஐம்பது பேர் என்றாலும் இந்த விகிதம் அநேகமாக மாறாது. மூன்று முறை குலுக்கினால் இரண்டு முறை வீண் என்று எதிர்பார்த்தே உட்கார வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று இருக்கிறது: நான் அக்காவை எடுத்து, அக்காவும் என்னையே எடுப்பது. அப்படி நடந்தால் பழைய தராசு திரும்பி வந்துவிடும். ஒன்பது பேரில், யாருக்கும் தன் பெயர் வராத நல்ல குலுக்கல்களிலும் பத்துக்கு ஏறக்குறைய நான்கில் இப்படி ஒரு ஜோடியாவது மாட்டும்.

தீர்வு சுலபம். கிண்ணத்தைத் தூக்கி வைத்துவிடுங்கள். ஒன்பது பெயரையும் கலைத்து வட்டமாக எழுத வேண்டும். ஒவ்வொருவரும் தனக்கு அடுத்த பெயருக்குக் கொடுக்க வேண்டும், கடைசி ஆள் முதல் ஆளுக்கு. தன் பெயரும் வராது, நேருக்கு நேர் ஜோடியும் வராது. கணவன் மனைவி பக்கத்துப் பக்கத்தில் வந்தால் மட்டும் மறுபடி கலைக்க வேண்டும். கலைக்கும் வேலை அக்கா மகளுக்கு. பதினைந்து வயது, குலுக்கலில் இல்லை, யார் பக்கமும் இல்லை. அவரவர் பெயரைத் தனித்தனியாக அனுப்பிவிடுவாள். குழந்தைகள் நால்வரையும் இதில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், அவர்கள் கணக்கு வைப்பதில்லை.

இரண்டு விதி கட்டாயம். ஒன்று, தொகைக்கு உச்சவரம்பு. அதை நன்றாகச் சம்பாதிப்பவர் சொல்லக் கூடாது. யார் கை இறுக்கமாக இருக்கிறது என்று தனியாகக் கேட்டு, அவர் சொல்லும் தொகையை எல்லோருக்கும் வைக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியது மூன்றை எழுதிக் குழுவில் போட வேண்டும். கேட்டு வாங்குவதில் என்ன ருசி என்று தம்பி மனைவி கோபப்பட்டாள். அவள் சொல்வதும் நியாயம்தான், எதிர்பாராத சந்தோஷம் இதில் போய்விடுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் எதிர்பாராமல் வந்தவற்றில் சந்தோஷம் குறைவு.

குறைகள் இல்லாமல் இல்லை. கிடைப்பது ஒரே ஒரு பரிசு, அது சொதப்பினால் அந்த வருடம் அவ்வளவுதான். தம்பிக்கு ஒரு முறை இரண்டு அளவு சின்னதாகச் சட்டை வந்தது. பாவம், அன்று முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரகசியம் என்பதும் பெயருக்குத்தான், பிரித்த ஐந்தாவது நிமிடத்தில் யார் கொடுத்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான்கே பேர் உள்ள வீட்டில் இது நடக்குமா என்று எனக்குச் சந்தேகம். அதில் இரண்டு தம்பதி என்றால் இரண்டே விதமாகத்தான் வட்டம் போட முடியும். எங்களுக்கும் இது நான்காவது வருடம்தான். ஒரு பெரிய சண்டை வந்தால் தாங்குமா என்பது இன்னும் பார்க்காத விஷயம். அப்பா இல்லாத வெறுமையை எந்தச் சீட்டும் நிரப்பவில்லை, அதற்காக நாங்கள் இதை ஆரம்பிக்கவும் இல்லை. பார்சல் எல்லாம் பிரித்து முடித்த பிறகு, அவர் உட்காரும் நாற்காலி பக்கம் நான் பார்க்காமல் இருப்பதில்லை.

இந்த வருடப் பட்டியல் நேற்று குழுவில் வந்தது. சித்தப்பா முதல்முறையாக மூன்றும் எழுதியிருக்கிறார், கடைச் சுட்டியோடு. பெரியம்மா ஒரே ஒரு வரிதான் போட்டிருக்கிறார்: “உங்கள் இஷ்டம்.” நல்லவேளை, அது என் சீட்டு இல்லை.