அத்தையின் ஒன்பதரை மணி

காவடிக்கு மொரீஷியஸ் போயிருந்தேன். 2018இல் வந்தபோது மெட்ரோவுக்கு மண்ணைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இப்போது க்யூர்பிப் நகரில் ஏறி உட்கார்ந்தால் தலைநகர் போர்ட் லூயிஸ் வரை குளுகுளுவென்று போகலாம். 1864இல் ரயில் வந்த தீவு இது. 1956இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். புதுப் பாதையும் பெரும்பாலும் அந்தப் பழைய தடத்தில்தான். தாத்தா இருந்திருந்தால் ஜன்னலை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

அத்தைக்குக் கண் பரிசோதனை, போர்ட் லூயிஸில் ஒன்பதரைக்கு. வீடு ரோஸ் ஹில் பக்கம். ரயிலில் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். அத்தை ஏழரைக்கே செருப்பை மாட்டிவிட்டார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று சிரித்தேன். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நின்றபோது சிரிப்பு போய்விட்டது. என் ஃபோனில் இருந்த ஆப் 'இன்னும் 5 நிமிடம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் ஒரு கிலோமீட்டருக்குள்தான், நடந்துவிடலாம் என்றேன். முழங்காலைக் காட்டினார். வெயில் வேறு, பிப்ரவரி வெயில்.

ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நகரப் போக்குவரத்துக்கு ஒரு அளவுகோல் உண்டு: பஸ் நிறுத்தம் 500 மீட்டருக்குள், ரயில் 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் 'வசதி உண்டு'. அந்தக் கணக்கில் அத்தை இரண்டிலும் பாஸ். பஸ் வந்ததா, முழங்கால் வலித்ததா என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

ஸ்மார்ட் சிட்டி விஷயமும் இப்படித்தான். வீடு, அலுவலகம், கடை எல்லாம் ஒரே இடத்தில் வரும் புது நகரங்களுக்காக 2015இல் தொடங்கிய அரசுத் திட்டம், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 அர்ப்பான் (அங்கே நில அளவு) நிலம், சுமார் 21 ஹெக்டேர். 3,75,000 டாலருக்கு வீடு வாங்கும் வெளிநாட்டுக்காரருக்குக் குடியிருப்பு அனுமதியும் கிடைக்கும். அப்படி ஒன்று இருக்கும் மோக்கா பக்கம் காரில் கூட்டிப்போன மாமா மகன் எத்தனை கட்டடம், எவ்வளவு முதலீடு என்று அடுக்கினான். நடைபாதை உண்மையிலேயே அருமை, பொறாமையாக இருந்தது. ஆனால் அங்கே வேலைக்கு வருகிறவர்கள் விடியற்காலை எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் யாரு கணக்கு வச்சிருக்கா?" என்றான். நான் வைப்பேன். பணக் கணக்கை விட அதுதான் முதலில் வேண்டும்.

மருத்துவமனைக்குள் நுழையும்போது மணி 9.20. ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் ரயிலின் பங்கு அந்த இருபது சொச்சம்தான். அத்தையைக் கேட்டால் மெட்ரோ நல்லது என்றுதான் சொல்வார். உட்கார இடம் கிடைக்கிறதாம், வயதானவர்களுக்குக் காசும் இல்லை. திரும்பி வந்து ரோஸ் ஹில்லில் இறங்கினோம். ஆப்பைத் திறந்தேன். அவர் அதற்குள் குடையை விரித்து நடக்க ஆரம்பித்திருந்தார்.