ஏஜென்ட் கருவிகளுக்கு அணுகல் கொள்கையும் வேக வரம்பும்: ஓராண்டுக்கு மேலான பயன்பாட்டு அனுபவம்

எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஆர்டர் விவரம் தேடுவது, வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புவது, பணத்தைத் திருப்பித் தருவது ஆகிய பணிகளை ஒரு செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் செய்து வருகிறது. அந்த ஏஜென்டுக்கும், ஏஜென்டுகளை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபி வழியே இணைந்துள்ள கருவிகளுக்கும் நடுவே, ஒவ்வொரு அழைப்பையும் சோதித்து அனுப்பும் ஒரு கேட்வே இருக்கிறது. அனுமதி முடிவுகளை ஓபன் பாலிசி ஏஜென்டிடமும், அழைப்புகளின் கணக்கை நினைவகத்தில் இயங்கும் தரவுத்தளமான ரெடிஸிடமும் ஒப்படைத்து ஓராண்டுக்கு மேலாகிறது. முன்னதைச் சுருக்கமாக ஓபிஏ என்பார்கள். பெயர் அப்படி இருந்தாலும் அதில் செயற்கை நுண்ணறிவு ஏதும் இல்லை, அது விதிகளைப் படித்து முடிவு சொல்லும் பொறி மட்டுமே.

இதற்கு ஏன் தனி அமைப்பு, ஏஜென்டை இயக்கும் மொழி மாடலுக்கு முதலிலேயே தரும் அறிவுறுத்தலான சிஸ்டம் பிராம்ப்டில் எழுதினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. ‘ஒப்புதல் இல்லாமல் பணத்தைத் திருப்பாதே’ என்று பிராம்ப்டில் எழுதுவது ஒரு வேண்டுகோள்தான். வாடிக்கையாளர் அனுப்பும் மின்னஞ்சலுக்குள் அதற்கு நேரெதிரான வாசகம் ஒளிந்திருந்தால், மாடலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வரிசையில் வந்து சேரும் உரை. முடிவெடுக்கும் இடம் அந்த உரை எட்டாத தொலைவில் இருக்க வேண்டும். எம்சிபியில் ஒரு கருவி, தான் தரவைப் படிக்க மட்டும் செய்கிறதா அல்லது அழிக்கவும் கூடுமா என்று குறிப்புத் தர வழியுண்டு. ஆனால் நம்பகமான சர்வரிலிருந்து வந்தாலன்றி அந்தக் குறிப்பை நம்பக் கூடாது என்று அந்த நெறிமுறையே எச்சரிக்கிறது. எனவே படிப்பவை, எழுதுபவை, திரும்பப் பெற முடியாதவை என்ற வகைப்பாட்டை நாங்களே ஒரு பட்டியலாக வைத்திருக்கிறோம்.

ஓபிஏயில் எனக்கு மிகவும் பயன்பட்டது, ஒவ்வொரு அழைப்பிலும் இரண்டு அடையாளங்களைச் சேர்த்துச் சோதிக்க முடிவதுதான்: அழைக்கும் ஏஜென்ட் எது, அது யாருக்காக அழைக்கிறது. இரண்டு தரப்புக்கும் பொதுவாக உள்ள உரிமை மட்டுமே செல்லுபடியாகும். ஏஜென்டின் உரிமையை மட்டும் பார்த்தால், நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் ஏஜென்ட் மூலமாக மேலாளருக்குரிய தரவைக் கேட்டு வாங்கிவிடலாம். விதி இல்லாத எதற்கும் அனுமதி இல்லை என்பதை இயல்பு நிலையாக வைத்திருப்பதால், சர்வரில் புதிதாக ஒரு கருவி முளைத்தாலும் யாராவது விதி எழுதும் வரை அதை அழைக்க முடியாது. ஓபிஏ விதிகளை எழுதும் ரெகோ மொழி பழகச் சற்று நாளாகும். பைத்தான் எழுதிப் பழகியவர்கள் அதை வரிசையாக ஓடும் நிரலாக எண்ணித் தடுமாறுகிறார்கள். விதிகளுக்குச் சோதனை எழுதும் வசதி உடன் வருவது பெரிய ஆறுதல்.

வேக வரம்புதான் அதிகம் யோசிக்க வைத்தது. நிமிடத்துக்கு இத்தனை அழைப்பு என்ற வழக்கமான கணக்கு மனிதர்களின் வேகத்தை மனத்தில் வைத்து உருவானது. அதிலும் நிமிடம் முடியும் நொடியிலும் அடுத்தது தொடங்கும் நொடியிலும் சேர்த்து இரு மடங்கு அழைப்புகள் நுழைந்துவிட முடியும். டோக்கன் பக்கெட் முறை இதைச் சீராக்குகிறது: டோக்கன்கள் சீரான வேகத்தில் ஓர் உச்ச அளவு வரை சேரும், ஒவ்வொரு அழைப்புக்கும் அதிலிருந்து கழியும். கேட்வே பல பிரதிகளாக ஓடுவதால், டோக்கன் இருப்பைப் பார்ப்பதும் கழிப்பதும் பிரியாமல் நடக்க, அந்த வேலையை ரெடிஸுக்குள் லுவா மொழி ஸ்கிரிப்டாக வைத்திருக்கிறோம். ஒரு தேடலுக்கு 1 டோக்கன், செய்தி அனுப்ப 5, பணம் திருப்ப 20 என்று விளைவின் கனத்துக்கு ஏற்ப விலை வைத்திருக்கிறோம். அதைவிட முக்கியமானது ஒரு பணிக்கு மொத்தமாக உச்சவரம்பு வைப்பது. சுழலில் சிக்கிய ஏஜென்ட் நிதானமாகவே அழைத்துக்கொண்டிருந்தால், எந்த நிமிட வரம்பையும் மீறாமல் விடிய விடிய ஓடும்.

மறுப்பு வாசகத்துக்கு நான் ஆரம்பத்தில் எதிர்பார்த்ததைவிட எடை அதிகம். அழைப்புகள் மிகுந்துவிட்டன என்று சொல்லும், 2012ஆம் ஆண்டிலேயே தரப்படுத்தப்பட்ட 429 என்ற எச்டிடிபி நிலைக்குறியீட்டையும், எவ்வளவு நேரம் கழித்து வர வேண்டும் என்ற தலைப்புக்குறிப்பையும் புரிந்துகொள்ள வேண்டியது மாடலின் சார்பில் கருவிகளை அழைக்கும் கிளையன்ட் நிரல்தான். காத்திருக்கும் வேலையை மாடலிடம் விடக் கூடாது. கொள்கை மறுப்போ வேறு விஷயம். அதை எம்சிபியில் கருவியின் விடையாகவே பிழைக்குறியுடன் அனுப்பினால் மாடல் படிக்கும். வெறுமனே ‘பிழை நேர்ந்தது’ என்று அனுப்பினால், உள்ளீட்டை மாற்றி மீண்டும் முயலும், இல்லையேல் அதே வேலைக்கு வேறு கருவியைத் தேடும். ‘இந்தப் பணியில் இதற்கு அனுமதி இல்லை, மீண்டும் அழைக்க வேண்டாம், பயனரிடம் தெரிவிக்கவும்’ என்று எழுதினால் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. காரணத்தை விரிவாகச் சொல்வதிலும் ஆபத்து உண்டு. ரூ. 2,000க்கு மேல் அனுமதி இல்லை என்று தொகையைச் சொல்லிவிட்டால், அதையே இரண்டாகப் பிரித்து அனுப்பும் வழி ஏஜென்டுக்குத் தோன்றலாம். ஆகவே வரம்பை ஒரு அழைப்புக்கு அல்லாமல் ஒரு ஆர்டரின் மொத்தத் தொகைக்கு வைக்க வேண்டும். ஓபிஏ முந்தைய அழைப்புகளை நினைவில் வைக்காது என்பதால், அந்த மொத்தத்தைக் கேட்வேதான் கணக்கிட்டு உள்ளீடாகத் தர வேண்டியிருக்கிறது.

மனித ஒப்புதலைத் திரும்பப் பெற முடியாத செயல்களுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் கேட்டால் படிக்காமலே சம்மதம் அழுத்தும் பழக்கம் வந்துவிடும். ரெடிஸ் செயலிழந்தால் படிக்கும் கருவிகள் தொடரும், எழுதுபவை நின்றுவிடும். முடிவுப் பதிவுகளில் வாடிக்கையாளர் விவரங்களை மறைக்கும் ஏற்பாடு ஓபிஏயிலேயே உண்டு. அதை முதல் நாளிலேயே இயக்கிவிடுவது நல்லது.

மூன்று நான்கு தேடல் கருவிகள் மட்டுமே உள்ள சிறு குழுவுக்கு இத்தனையையும் பரிந்துரைக்க மாட்டேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் படிக்கும் உரிமை மட்டும் கொண்ட ஒரு தனிக் கணக்கும், நீண்ட வினவல்களைத் துண்டிக்கும் நேர வரம்பும், பணிக்கு ஓர் அழைப்பு உச்சவரம்பும் அவர்களுக்குப் போதும். தரவை எழுதும் கருவி ஒன்றையாவது சேர்க்கும் எண்ணம் இருந்தால், அதை இணைப்பதற்கு முன்பே கேட்வேயை நிறுவிவிடலாம்.