டங் ஜாக் மாற்றப் போகிறவர்களுக்கு: ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்றால் உஷார்

கனடாவின் ஒன்டாரியோவில் ட்ராவல் ட்ரெய்லர் (பிக்கப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி) வேலை பார்க்கும் ஒரு கடை. கேட்டது இவ்வளவுதான்: ட்ரெய்லரின் மூக்கைத் தூக்கி இறக்கும் டங் ஜாக்கில், பழைய கைசுற்று ஜாக்கைக் கழற்றிவிட்டு, புதிதாக வந்திருக்கும் ஹாஃப்-டன் ஃபோர்-வீல் பிக்கப்புக்கும் அதோடு வாங்கிய வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சுக்கும் (ட்ரெய்லரின் எடையை ஸ்பிரிங் பார்களால் மற்ற அச்சுகளுக்கும் பகிரும் இணைப்பு) தோதாக 3,500 பவுண்ட் தூக்கும், 18 அங்குல ஓட்டம் (நீளும் தூரம்) உள்ள மின் ஜாக் மாட்டித் தர வேண்டும். “பிக்கப் எதுக்கு? ட்ரெய்லரை மட்டும் விட்டுட்டுப் போங்க, இது எல்லா வண்டிக்கும் பொருந்தும்” என்றார்கள். டேப்பை எடுக்காமலேயே சொன்ன பதில் அது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டிய இடம். வரிக்கு முன் மதிப்பீடு 640 டாலர், கையில் வந்த பில் 905.

முதல் ஏமாற்று அந்த 18 அங்குலத்தில். வந்த ஜாக்கின் அட்டைப்பெட்டியில் 18 என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அதில் மோட்டார் நகர்த்துவது 12 அங்குலம். மீதி 6 அங்குலம், பின்னைப் பிடுங்கிக் கையால் இறக்கும் கால். சுமை ஏறிய பிறகு அந்தக் காலை நகர்த்த முடியாது என்பதால் அதை ஓட்டத்தோடு கூட்டிச் சொல்வது சுத்த மோசடி. கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். இறங்கு காலை மேலே ஏற்றிப் பின்னைச் செருகுங்கள். ஜாக்கை முழுக்க உள்ளே இழுத்து, பிளாஞ்சின் (ஜாக்கை ட்ரெய்லரில் போல்ட் போட்டு மாட்டும் தட்டு) அடியிலிருந்து பாதத்தின் அடி வரை அளங்கள். முழுக்க நீட்டி மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான ஓட்டம். இந்த ஜாக்கில் 9 அங்குலமும் 21 அங்குலமும் வந்தன.

எவ்வளவு வேண்டும் என்பதை இழுக்கும் வண்டிதான் சொல்லும். பிக்கப்பின் பின்னால் இருக்கும் ஹிட்ச் பந்தின் உயரத்தை ட்ரெய்லர் மட்டமாக நிற்கும்படி முதலில் சரிசெய்துவிட வேண்டும். ஜாக் அளவு அதற்குப் பிறகுதான். இங்கே ட்ரெய்லர் மட்டமாக நிற்கும்போது ஜாக் பிளாஞ்ச் தரையிலிருந்து 22 அங்குலத்தில் இருக்கிறது, பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டும் கப்ளரின் உள்மேற்பகுதி 24-இல். சுமை இல்லாத பிக்கப்பின் பந்து உச்சி 25-இல் நிற்கும், எடை இறங்கினால்தான் தாழும். கப்ளரின் விளிம்பு அந்தப் பந்தைத் தாண்டி உள்ளே வர வேண்டுமென்றால் மூக்கை மட்டத்திலிருந்து 5 அங்குலம் தூக்க வேண்டும். ஆக பிளாஞ்ச் 27-இல். உண்மையான 18 அங்குல ஓட்டம் இருந்தால் 9-உம் 18-உம் சேர்ந்து காலை இறக்காமலேயே அங்கே போய்விடும். இறங்கு கால் பள்ளமான தரைக்கு மிச்சம் இருக்கும். வந்த ஜாக் அதே உயரத்துக்குப் போக, காலையும் இறக்கி, திருகையும் கடைசி வரை ஓட்ட வேண்டும். உள்குழாய் வெளிக்குழாய்க்குள் மிகக் குறைவாகப் பிடித்திருக்கும் நிலை அது, பக்கவாட்டில் ஆடும். ஜாக் நிற்கும் இடம் ஒரு அங்குலம் தாழ்ந்திருந்தால்கூட எட்டாது. கேட்டதற்கு “அடியில கட்டை வச்சுக்குங்க” என்றார்கள்.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வைத்திருப்பவருக்குச் சொல்லக் கூடாத யோசனை அது. ட்ரெய்லர் சாமான்களோடு 6,800 பவுண்ட். டங் வெயிட், அதாவது ட்ரெய்லர் மூக்கு பந்தின் மேல் அழுத்தும் எடை, மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், இங்கே 850. கப்ளரைப் பந்தில் பூட்டிய பிறகு ஸ்பிரிங் பார்களின் சங்கிலியைக் கொக்கியில் ஏற்ற, ட்ரெய்லர் மூக்கோடு பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து ஜாக் 3, 4 அங்குலம் தூக்குகிறது. அப்போது ஜாக்கின் மேல் 850-ஐ விட நிறையவே இருக்கும். 2,000 பவுண்ட் ஜாக் திணறி, 3,500 தேவைப்படுவது இதனால்தான். அந்தச் சுமையோடு அடுக்கிய கட்டை நழுவினால் ஜாக்கின் கால் வளையும், பக்கத்தில் குனிந்து சங்கிலி மாட்டுகிறவர் கால் போகும். ஒற்றை அகலக் கட்டை பரவாயில்லை. அடுக்கு வேண்டாம்.

இறங்கு காலை மறந்துவிட்டு ஓட்டினால் பாதம் தரையிலிருந்து 7 அங்குலத்தில்தான் தொங்கும். பெட்ரோல் பங்க் சரிவு ஒன்றே போதும்.

அடுத்தது டெயில்கேட், பிக்கப்பின் பின்கதவு. பிக்கப்பைப் பார்க்காமல் மாட்டியதன் பலன் முழுக்க இங்கேதான். மின் ஜாக்கின் தலை பிளாஞ்சுக்கு மேலே 16 அங்குலம் நிற்கிறது, அதாவது தரையிலிருந்து 38. திறந்து கிடக்கும் டெயில்கேட் 35-இல். ஆகவே உயரத்தில் தப்ப வழியில்லை, நீளத்தில்தான் தப்ப வேண்டும். பந்தின் மையத்திலிருந்து டெயில்கேட் விளிம்பு பின்னோக்கி 11 அங்குலம் வருகிறது. ஜாக் குழாயின் மையம் பந்திலிருந்து 14 அங்குலம் பின்னால். கடைக்காரர்கள் மோட்டார் புடைப்பை முன்பக்கம் பார்த்து மாட்டியிருந்ததால் தலை 3½ அங்குலம் முன்னே நீண்டு 10½-க்கு வந்துவிட்டது. அரை அங்குலம் இடிக்கிறது. டெயில்கேட்டின் மேல் விளிம்பில் பெயின்ட் போய்த் தகரம் உள்ளே குழிந்த கோடு ஒன்று மிச்சம்.

மூன்று போல்ட்டும் சம இடைவெளியில் இருக்கும் பிளாஞ்ச் என்றால் ஜாக்கை 120 பாகை திருப்பி மாட்டலாம். திருப்பியதும் முன்னே நீள்வது 2 அங்குலமாகக் குறைந்தது, ஒரு அங்குல இடைவெளி கிடைத்தது. திருப்பும் முன், ட்ரெய்லர் மூக்கில் உள்ள சமையல் கேஸ் சிலிண்டரின் மூடியில் மோட்டார் தட்டுகிறதா, மின்சாரம் இல்லாதபோது சுற்றும் கைப்பிடி முழு வட்டம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு அங்குலமும் வண்டிகள் நேர்கோட்டில் நிற்கும்போது மட்டும். பிக்கப் 25 பாகை திரும்பி நின்றால் ஜாக் இருக்கும் திசையில் டெயில்கேட் 12 அங்குலத்துக்கு மேல் எட்டும், மறுபடி இடிக்கும். வளைத்து நிறுத்திய நிலையில் டெயில்கேட்டைத் திறக்கக் கூடாது.

இதற்குக் கடை சொன்ன தீர்வு ரிசீவர் நீட்டிப்பு, அதாவது பிக்கப்பில் ஹிட்ச் செருகும் குழாயில் ஒரு துண்டைச் சேர்த்துப் பந்தைப் பின்னால் தள்ளுவது. பெரும்பாலான நீட்டிப்புகள் ஹிட்சின் தாங்குதிறனைப் பாதியாக்கும், வெயிட் டிஸ்ட்ரிபியூஷனோடு போடாதே என்று அவற்றிலேயே எழுதியிருக்கும். பந்து பின்னால் போகப் போக பின் அச்சில் நெம்புகோல் கூடி, முன்சக்கரப் பிடிப்பு குறையும். ஜாக்கின் தலையைத் திருப்ப வேண்டிய வேலைக்கு வண்டியின் கட்டுப்பாட்டைக் காவு கொடுக்கச் சொல்கிறார்கள்.

மாட்டிய விதம் இன்னும் மோசம். ட்ரெய்லர் மூக்கின் ஏ-வடிவ ஃப்ரேமில் ஜாக் இறங்கும் தட்டின் துளை 2¼ அங்குலம். ஜாக் குழாய் 2 அங்குலம். சுற்றிலும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் காலி. இதற்கு உள்வளையம் உண்டு, அதைப் போடவில்லை. குழாய் துளையில் சாயாததால் பக்கச் சுமை முழுவதும் 3 போல்ட்டுகளில். அவற்றிலும் ஒன்று துளைக்கு நேராக வராமல், துளையை அரத்தால் நீள்வட்டமாக்கி மேலே பெரிய வாஷர் வைத்து மறைத்திருந்தார்கள். இதற்குத்தான் பில்லில் “மவுண்ட் மாடிஃபிகேஷன்” என்று 140 டாலர்! சரியான முறை: குழாய்க்கு ஏற்ற வளையம், 3/8 அங்குல கிரேடு 5 போல்ட் மூன்று, ஜாக்கோடு வரும் தாளில் உள்ள முறுக்கு அளவு, முதல் பயணத்துக்குப் பிறகு மறு இறுக்கம்.

வயரிங்குக்கு 125 டாலர். அதைப் பார்த்ததும்தான் உண்மையில் பயம் வந்தது. ஜாக்கின் சிவப்பு வயரை பேட்டரிக்குக் கொண்டுபோகாமல், பிரேக்அவே சுவிட்ச்சுக்குப் போகும் வயரில் கடிக்கும் கிளிப் போட்டு ஒட்டியிருந்தார்கள். 30 ஆம்ப் ஃபியூஸ் ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டுக்கும் பொதுவாக முன்னால். ஜாக் திணறி அந்த ஃபியூஸ் போனால், ட்ரெய்லர் கழன்று ஓடும்போது அதன் பிரேக்கைப் பிடிக்க வேண்டிய சுவிட்ச்சும் செத்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. பிரேக்அவே வயர் தனியாக நேரே பேட்டரிக்குப் போக வேண்டும். ஜாக்குக்கு வேறு 10 கேஜ் வயர், பேட்டரி முனைக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு 30 ஆம்ப் ஃபியூஸ். நெகடிவ் ஜாக் உடல் வழியாக ஃப்ரேமுக்குப் போகும் வகையென்றால் ஒரு போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி நட்சத்திர வாஷர் போட வேண்டும். பெயின்ட்டின் மேலேயே இறுக்கினால் விளக்கு எரியும், தூக்கும்போது மோட்டார் முனகும். யார் வேலை செய்தாலும் ட்ரெய்லரை வாங்கியதும் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, 7-முனை பிளக்கைக் கழற்றி, பிரேக்அவே பின்னை இழுத்துப் பாருங்கள். பிரேக் மின்காந்தங்கள் ரீங்கரித்துச் சக்கரம் பிடிக்க வேண்டும். சில நொடிகளில் பின்னைத் திரும்பச் செருகிவிடுங்கள்.

பில் விஷயம். ஒன்டாரியோ நுகர்வோர் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதியிருந்தால் அதற்கு மேல் 10 சதவீதம் வரைதான் வாங்கலாம். கூடுதல் வேலைக்கு நீங்கள் புதிதாகச் சம்மதித்திருந்தால் தனி. 640-க்கு 704 டாலர்தான் எல்லை. எழுத்தில் அதைக் காட்டியதும் 201 டாலரைத் திருப்பினார்கள். ஜாக்கைத் திரும்ப எடுக்கவில்லை, “மாட்டின சாமானை எடுக்க மாட்டோம்” என்று பதில். அதனால் மதிப்பீட்டுத் தாளில் ஜாக்கின் மாடல் எண், மோட்டார் ஓட்டம் தனி, இறங்கு கால் தனி, குழாயின் விட்டம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். பிக்கப்பைக் கோத்து, டெயில்கேட்டைத் திறந்து காட்டிய பிறகே பணம் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வேறு கடை.

சாவியில் பொத்தானை அழுத்தினால் டெயில்கேட் தானே விழும் வண்டிகள் இப்போது நிறைய. 2019 ஜிஎம்சி சியராவில் வந்த மல்டிப்ரோ வகையில் உள்கதவு தனியாக வேறு மடிந்து இறங்கும். ஹிட்ச் பந்து மாட்டியிருந்தாலே அதில் இடிக்கும். ட்ரெய்லர் கோத்திருக்கும் நாட்களில் சாவிப் பொத்தான் வசதியை மெனுவில் அணைத்து வைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் டெயில்கேட் பூட்டைக் கையால் பூட்டி வையுங்கள். பாக்கெட்டில் சாவி அழுந்தி டெயில்கேட் ஜாக் மேல் விழுந்தால், ஜாக்கை எவ்வளவு சரியாக மாட்டியிருந்தாலும் டென்ட்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.